பழைய லாரியில் ஸ்டியரிங் ஆட்டம்: எதை மாற்றுவது, எதுவரை மாற்றுவது?

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய ஆறு சக்கர லாரியைச் சொந்தமாக வைத்து ஓட்டுகிறவர் ஒருநாள் இந்த இடத்துக்கு வந்து நின்றே தீருவார். நேரான ரோட்டில்கூட ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகத் திருத்திக்கொண்டே போக வேண்டியிருக்கும். முன் டயர் ஒரு ஓரமாகத் தேயும். பட்டறையில் கேட்டால், “ரெண்டு பால் ஜாயின்ட் போட்டாப் போதுங்கண்ணா” என்பார் ஒருவர். அடுத்த பட்டறையில், முன்பக்கத்தை மொத்தமாக இறக்கி கிங் பின் வேலை பார்க்கச் சொல்வார்கள். ஸ்டியரிங் பாக்ஸையே மாற்றச் சொல்கிறவர்களும் உண்டு. பால் ஜாயின்ட் என்பது ஸ்டியரிங் கம்பிகளின் முனையில், குழிக்குள் பந்து திரும்பும் இணைப்பு. கிங் பின் என்பது முன்சக்கரம் இடமும் வலமும் திரும்ப அச்சாக நிற்கும் தண்டு. வீலைத் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கடத்தும் பல் பெட்டிதான் ஸ்டியரிங் பாக்ஸ். செலவும் வண்டி நிற்கும் நாட்களும் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு.

டாடா 1613 போன்ற, முன்பக்கம் ஒரே துண்டு பீம் ஆக்சிலும் பட்டை ஸ்பிரிங்கும் உள்ள 16 டன் வண்டிகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அதே அமைப்புள்ள லேலண்ட் வண்டிகளுக்கும் இதெல்லாம் பொருந்தும். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். பால் ஜாயின்ட்டைத் தேவைக்கேற்பத் தனித்தனியாக மாற்றலாம். கிங் பின் வேலையை அரைகுறையாகச் செய்யவே கூடாது. ஸ்டியரிங் பாக்ஸில் எல்லாவற்றையும் பார்த்த பிறகு கடைசியாகத்தான் கை வைக்க வேண்டும். ஆனால் இது எதுவுமே, ஆட்டம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் பொருள்படும்.

முதலில் ஆட்டம் எங்கே என்று பாருங்கள்

ஸ்டியரிங் வீலில் தெரியும் ஆட்டம், அதாவது சக்கரம் திரும்பாமலே வீல் சும்மா அசையும் அளவு, பல சின்ன ஆட்டங்களின் கூட்டுத்தொகை. ஸ்டியரிங் தண்டில் உள்ள யூனிவர்சல் ஜாயின்ட், பாக்ஸ், பாக்ஸிலிருந்து நீளும் கையான டிராப் ஆர்ம், அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியான டிராக் லிங்க்கின் இரண்டு முனை, இரண்டு முன்சக்கரத்தையும் இணைக்கும் கம்பியான டை ராட்டின் இரண்டு முனை, கிங் பின், சக்கரம் சுழலும் ஹப் பேரிங் என்று வரிசையாக ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் சேர்க்கும். ஓட்டிப் பார்த்து மட்டும் எது என்று சொல்ல முடியாது. வண்டிக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும்.

வண்டியைச் சமதளத்தில், சக்கரம் தரையில் பதிந்திருக்க, நேராக நிறுத்துங்கள். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சின்னதாக ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். பவர் ஸ்டியரிங் வண்டியென்றால் இன்ஜின் ஓட வேண்டும், இல்லையென்றால் ஜாயின்ட்டுகளுக்கு உண்மையான விசை போய்ச் சேராது. அப்போது ஹேண்ட் பிரேக்கும் சக்கரத்துக்குக் கட்டையும் கட்டாயம். கீழே இருப்பவர் மேலிருந்து தொடங்கி ஒவ்வொரு இணைப்பாக விரல் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசைகிற இடத்தில்தான் ஆட்டம். வீல் திரும்பியும் டிராப் ஆர்ம் அசையவில்லையா? பாக்ஸோ தண்டின் யூனிவர்சல் ஜாயின்ட்டோ காரணம். டிராப் ஆர்ம் உடனே அசைந்து, டிராக் லிங்க் தாமதித்தால் அந்த முனையின் பால் ஜாயின்ட். பாக்ஸே சேஸில் கிடந்து அசைந்தால் அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றன. ஒரு ஸ்பானரால் தீரும் அந்த வேலையைப் பார்க்காமல் பாக்ஸுக்குச் செலவழித்தவர்கள் உண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை. டை ராட்டைக் கையால் பிடித்து உருட்டினால் கொஞ்சம் உருளும். அது பால் ஜாயின்ட்டின் இயல்பு, தேய்மானம் இல்லை. முனையைக் கையால் அழுத்தியும் இழுத்தும் பார்க்கும்போது மேலும் கீழுமாக அசைந்தால்தான் குறை.

அடுத்து கிங் பின். முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டோ கனமான கட்டையோ கொடுத்துக்கொள்ளுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். கனமான சக்கரம் என்பதால் அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பினால் நன்றாகத் தெரியும். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் அது ஹப் பேரிங். பிரேக் பிடித்தும் அப்படியே இருந்தால் கிங் பின் அல்லது அதைச் சுற்றியிருக்கும் வளையமான புஷ். இந்தச் சோதனை ஒரு ரூபாய் செலவில்லாதது, ஆனால் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். பேரிங் நட்டைச் சரியாக இறுக்கினால் போகக்கூடிய ஆட்டத்துக்காக கிங் பின் செட்டே வாங்கிவிடும் தவறு இதனால்தான் நடக்கிறது.

ஆட்டமே இல்லாமல் ஸ்டியரிங் கனமாக இருப்பதும், வளைவு முடிந்த பிறகு வீல் தானாகத் திரும்பி வராததும் வேறு வகைக் குறை. டிராக் லிங்க்கை ஒரு முனையில் கழற்றிவிட்டு, தூக்கிய சக்கரத்தைக் கையால் திருப்புங்கள். லேசாகத் திரும்பினால் குறை பாக்ஸிலோ பம்ப்பிலோ இருக்கிறது. அப்போதும் முரண்டு பிடித்தால் கிங் பின் கிரீஸ் இல்லாமல் இறுகியிருக்கிறது, அல்லது அடியில் உள்ள திரஸ்ட் பேரிங் நொறுங்கியிருக்கிறது. கிங் பின் இறுகிய வண்டிக்கு பவர் ஸ்டியரிங் ரிப்பேர் செய்தால் பணமும் போகும், குறையும் இருக்கும்.

டயரையும் தடவிப் பாருங்கள். குறுக்காக ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம் போலவும் இருந்தால் டோ இன், அதாவது இரண்டு முன்சக்கரமும் முன்பக்கம் சற்று உள்நோக்கி நிற்கும் அளவு, தவறியிருக்கிறது. ஒரே ஓரம் மட்டும் வழித்துத் தேய்ந்தால் டோவையும் கிங் பின்னையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கங்கே குழி குழியாக இருந்தால் பேரிங், கிங் பின், ஷாக் அப்சார்பர், வீல் பேலன்ஸ் இவற்றில் ஒன்று. இதெல்லாம் பார்த்தும் வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் ஸ்பிரிங்கின் சென்டர் போல்ட்டையும் யூ போல்ட்டையும் ஷாக்கிள் பின்னையும் பாருங்கள். சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் கொஞ்சம் நகர்ந்திருந்தால், ஸ்டியரிங் சாமான் எல்லாம் புதிதாகப் போட்டாலும் வண்டி நேராகப் போகாது.

சட்டத்தின் அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆவது விதி, ஸ்டியரிங் வீலில் ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது. பால் ஜாயின்ட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள வீலில் 30 டிகிரி என்பது விளிம்பில் சுமார் 13 சென்டிமீட்டர். சட்டம் பொறுத்துக்கொள்ளும் கடைசி எல்லை அது. அவ்வளவு ஆட்டத்தோடு லோடு ஏற்றி தொப்பூர் கணவாயில் இறங்கலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டியிருப்பதால், கிழிந்த ரப்பர் மூடியும், நட்டைப் பூட்டும் ஸ்பிளிட் பின் காணாமல் போயிருப்பதும் எப்படியும் கண்ணில் படும்.

பால் ஜாயின்ட்: ஒன்றா, ஜோடியா, எல்லாமா?

இங்கேதான் சிக்கனத்துக்கு நியாயமான இடம் உண்டு. டிராக் லிங்க்கில் ஒரு முனை போய்விட்டது, டை ராட் இறுக்கமாக இருக்கிறது என்றால் டை ராட்டைத் தொட வேண்டியதில்லை. ஆனால் ஒரே ராட்டின் இரண்டு முனையையும் சேர்த்தே மாற்றுங்கள். இரண்டும் ஒரே தூசியையும் ஒரே குண்டு குழியையும் பார்த்தவை. ஒன்று போனால் மற்றது பின்னாலேயே வரும். டை ராட்டில் இன்னொரு காரணமும் இருக்கிறது: ஒவ்வொரு முறை முனை மாற்றும்போதும் அலைன்மென்ட் செய்தாக வேண்டும். இரண்டு முறை மாற்றினால் இரண்டு முறை அலைன்மென்ட் கூலி.

நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றுவது எப்போது சரி? வண்டி நீண்ட தூரம் ஓடுகிறது, ரப்பர் மூடிகள் பெரும்பாலும் கிழிந்துவிட்டன, எப்போது போட்டவை என்றே தெரியவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். உள்ளூரில் செங்கல், ஜல்லி ஓட்டும் வண்டிக்கு, வாரம் ஒருமுறை கிரீஸ் அடித்து அடியில் பார்க்கிற பழக்கமுள்ளவர், போனதை மட்டும் மாற்றலாம்.

எந்தச் சாமான் வாங்குவது என்பதில் மூன்று வழி. வண்டிக் கம்பெனியின் பெட்டியில் வருவது விலை கூடுதல், அளவில் சந்தேகம் இல்லை. வண்டிக் கம்பெனிகளுக்கே சாமான் செய்து கொடுக்கும் ரானே போன்ற நிறுவனங்கள் தங்கள் பெயரிலும் கடைகளில் விற்கின்றன. என் தேர்வு பெரும்பாலும் இதுதான்: தரத்தில் குறை இல்லை, விலையும் கட்டுப்படியாகும். ஆனால் பெயர் பெற்ற பெட்டிக்குத்தான் போலியும் வரும். தெரிந்த கடையில், பில்லோடு வாங்குங்கள். மூன்றாவது, பெயர் தெரியாத மலிவு சாமான். கதவுப் பிடியிலோ விளக்கு மூடியிலோ அதை ஏற்றுக்கொள்ளலாம். ஸ்டியரிங் இணைப்பில் வேண்டாம். பந்து, குழியிலிருந்து கழன்று வந்தால் அந்த நொடியே முன்சக்கரம் உங்கள் கையில் இல்லை. சென்னைப் புதுப்பேட்டை மாதிரியான பழைய சாமான் சந்தையில் கியர் பாக்ஸ் மூடியும் கேபின் கதவும் தேடுங்கள், பால் ஜாயின்ட் தேடாதீர்கள். தேய்ந்ததைத் திறந்து வாஷர் வைத்து இறுக்கித் தருவதையும் ஏற்க வேண்டாம். சில பழைய டிராக் லிங்க்குகளில் ஆட்டம் எடுக்கவே ஒரு திருகு மூடி வைத்திருப்பார்கள். அதை இறுக்குவது வேறு விஷயம், அது செய்தவர்களே கொடுத்த வழி.

போடும்போது கவனிக்க வேண்டியது இரண்டு. ஜாயின்ட்டின் கூம்புத் தண்டும் அது உட்காரும் துளையும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைக்கப்பட்டிருக்க வேண்டும். நட்டைச் சொன்ன அளவு இறுக்கிய பிறகு ஸ்பிளிட் பின் துளை நேர்படவில்லை என்றால், அடுத்த வெட்டு வரும்வரை இன்னும் இறுக்க வேண்டும். துளைக்காக நட்டைப் பின்னால் தளர்த்துவது பல பட்டறைகளில் நடக்கிறது. பக்கத்தில் நின்று தடுத்துவிடுங்கள்.

கிங் பின்: இங்கே சிக்கனம் பார்க்காதீர்கள்

வழிகள் மூன்று. புஷ் மட்டும் மாற்றுவது, முழு கிட் போடுவது, வேறு ஆக்சிலையே கொண்டுவந்து மாட்டுவது.

புஷ் மட்டும் மாற்றும் யோசனை கேட்க நன்றாக இருக்கும். கிங் பின் எஃகு, புஷ் வெண்கலம். மெத்தென்ற புஷ்தான் தேயும், பின் அப்படியே இருக்கும் என்பார்கள். கிரீஸ் நின்றுபோன வண்டியில் அப்படி இருப்பதில்லை. பின்னின் ஒரு பக்கம் மட்டும் படி விழுந்திருக்கும், நகத்தால் தடவினாலே தெரியும். அந்தப் பின்னுக்குப் பொருந்துமாறு புது புஷ்ஷை ரீமர் (துளையைச் சீவி அளவுக்குக் கொண்டுவரும் கருவி) போட்டால், படி விழாத பகுதி இறுக்கமாகவும் தேய்ந்த பகுதி லூசாகவும் நிற்கும். கொஞ்ச காலத்தில் பழைய ஆட்டம் திரும்பிவிடும். கிங் பின் வேலையில் பெரிய செலவு சாமானுக்கு ஆவதில்லை. சக்கரம், ஹப், டிரம், பிரேக் தட்டு எல்லாம் கழற்றி சக்கரத்தைத் தாங்கி கிங் பின்னில் திரும்பும் ஸ்டப் ஆக்சிலை இறக்கும் கூலியும், வண்டி நிற்கும் நாளின் வாடகையும்தான் பெரிது. அவ்வளவையும் செய்துவிட்டுப் பழைய பின்னையே மாட்டுவது சரியான கணக்கு இல்லை.

ஆகவே பின், மேல் கீழ் புஷ், திரஸ்ட் பேரிங், ஷிம், பூட்டுப் பின், மூடி எல்லாம் அடங்கிய முழு கிட், அதுவும் இரண்டு பக்கத்துக்கும். ஒரு பக்கம் புதிதாகவும் மறுபக்கம் பழையதாகவும் இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்க இடம் கொடுத்ததாகிவிடும். ஒரு முன் டயரின் விலையோடு கிட் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள், தயக்கம் போய்விடும்.

கிட் வாங்கியதும் பாதி வேலை லேத் பட்டறையில்தான். அழுத்திப் பொருத்திய பிறகு வெண்கல புஷ் சற்றுச் சுருங்கும். அதை ரீமர் போட்டு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். மேல் புஷ்ஷும் கீழ் புஷ்ஷும் ஒரே நேர்கோட்டில் இருக்க, நீளமான ரீமரால் இரண்டையும் சேர்த்து எடுப்பவரிடம் கொடுங்கள். எண்ணெய் தடவிய கிங் பின், கட்டைவிரல் அழுத்தத்தில் சீராக உள்ளே போக வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் இறுக்கம், தானாக விழுந்தால் லூஸ். எமரித் தாள் சுற்றித் தேய்த்து அளவு எடுப்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். புஷ்ஷில் உள்ள கிரீஸ் துளை, ஸ்டப் ஆக்சிலில் கிரீஸ் அடிக்கும் நிப்பிளின் துளைக்கு நேராக வந்திருக்கிறதா என்று மாட்டும் முன் நீங்களே பாருங்கள். அது தவறினால் எவ்வளவு கிரீஸ் அடித்தாலும் உள்ளே போகாது, புது கிட் காய்ந்தே சாகும்.

பழைய பின் வெளியே வர மறுப்பது சகஜம். கேஸ் வைத்துச் சூடாக்கலாம் என்பார்கள். ஆக்சில் பீம் காய்ச்சி அடித்து, வெப்பப் பதம் கொடுத்துச் செய்தது. கண்டபடி சூடாக்கினால் அந்தப் பதம் கெடும். ஹைட்ராலிக் பிரஸ் வைத்திருக்கும் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோவது நல்லது.

மூன்றாவது வழி, அதாவது வேறு ஆக்சில், ஒரே நிலைமையில்தான் தேவைப்படும். கிங் பின் உட்காரும் பீமின் துளையே முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் எந்த கிட்டும் அங்கே நிற்காது. துளையைக் கடைந்து பெரிய அளவு பின் போடுவதோ, உள்ளே ஸ்லீவ் கொடுப்பதோ துல்லியமாகச் செய்யும் இடத்தில் சாத்தியம். வெல்டிங் வைத்து நிரப்புவது கூடவே கூடாது. பழைய ஆக்சில் வாங்கினால் அது எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டி ஏன் உடைக்கப்பட்டது என்று கேளுங்கள். விபத்து வண்டியின் ஆக்சில் கண்ணுக்குத் தெரியாமல் வளைந்திருக்கும். பீம் ஆக்சிலில் கேம்பரை, அதாவது சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும் கோணத்தை, திருத்த வழக்கமான திருகு எதுவும் கிடையாது. அலைன்மென்ட் கடையில் மாற்றக்கூடியது டோ ஒன்றுதான். வளைந்த பீமை வாங்கிவிட்டால் டயர்தான் விலை கொடுக்கும்.

ஸ்டியரிங் பாக்ஸ்

பாக்ஸின் மேல் இருக்கும் அட்ஜஸ்டிங் ஸ்குரூவைக் கால் சுற்று திருகினால் ஆட்டம் உடனே குறையும். அதனாலேயே அது ஆபத்தான சலுகை. பால் ஜாயின்ட்டில் இருக்கும் ஆட்டத்தை பாக்ஸை இறுக்கி மறைத்தால், உள்ளே பல் தேயும், வளைவில் திருப்பிய வீல் திரும்பி வராது. திருகுவதாக இருந்தாலும் சக்கரம் நேராக இருக்கும்போதுதான் திருக வேண்டும். பாக்ஸ் நடுவில் இறுக்கமாகவும் இரு ஓரத்தில் சற்றுத் தளர்வாகவும் இருக்கும்படி செய்யப்பட்டது. ஓரத்தில் வைத்து இறுக்கினால் நடுவில் சிக்கிக்கொள்ளும்.

ஆட்டம் பாக்ஸில்தான் என்று உறுதியானால் சாதாரண பாக்ஸை நல்ல மெக்கானிக்கிடம் பேரிங்கும் சீலும் மாற்றிக்கொள்ளலாம். எண்ணெய் மட்டும் கசிகிறது, ஆட்டம் இல்லை என்றால் சீல் மாற்றினால் போதும், முழு பாக்ஸ் தேவையில்லை. பவர் ஸ்டியரிங் பாக்ஸ் அப்படி இல்லை. அதைத் தூசி இல்லாத மேசையில் பிரித்து, மாட்டிய பிறகு பிரஷர் சோதித்துத் தருகிற இடத்தில் மட்டும் கொடுங்கள். அப்படி ஓர் இடம் பக்கத்தில் இல்லாவிட்டால் உத்தரவாதத்தோடு கிடைக்கும் எக்ஸ்சேஞ்ச் பாக்ஸ் நல்ல வழி. புது பாக்ஸ் விலையை பத்து வருட வண்டிக்குப் போட வேண்டிய நிலைமை அபூர்வம்.

எந்த நிலைமைக்கு எது

இன்னும் நான்கைந்து வருடம் ஓட்டப்போகும் வண்டி, கிங் பின்னிலும் ஆட்டம் இருக்கிறது என்றால் எல்லாவற்றையும் ஒரே நிறுத்தத்தில் முடிப்பதே மலிவு. ஹப் இறங்கியிருக்கும்போதே பேரிங்கைக் கழுவி கிரீஸ் வைத்து, ஹப் சீலை மாற்றி, பிரேக் லைனிங்கையும் பார்த்துவிடலாம், தனியாகக் கூலி ஏறாது. கிங் பின் இறுக்கமாக இருந்து ஜாயின்ட் மட்டும் போயிருந்தால் ஒரு நாள் வேலைதான். பிற்பாடு வரப்போகிறது என்று இப்போதே கிங் பின்னை இறக்க வேண்டாம்.

ஆறு மாதத்தில் விற்கப்போகிற வண்டி என்றால் ஜாயின்ட்டில் போனதை மட்டும் மாற்றுவது நியாயம். கிங் பின் ஆட்டத்தை மறைத்து விற்பது நியாயம் இல்லை. வேலையைப் பார்த்துக் கொடுங்கள், அல்லது சொல்லி விலையைக் குறைத்துக் கொடுங்கள். வாங்குகிறவர் அடுத்த நாளே அதில் லோடு ஏற்றப்போகிறவர்.

முன் டயர் மாற்றும் நேரம் நெருங்கியிருந்தால் வரிசை முக்கியம்: முதலில் ஸ்டியரிங் வேலை, அப்புறம் புது டயர், உடனே அலைன்மென்ட். புது டயரைப் போட்டு ஒரு மாதம் ஓட்டிவிட்டு கிங் பின் பார்த்தால், அந்த ஒரு மாதத்தின் தேய்மானம் டயரில் நின்றுவிடும். நைலான் டயரிலிருந்து ரேடியலுக்கு மாறுகிறீர்கள் என்றால் அலைன்மென்ட் கடையில் அதைச் சொல்லுங்கள். ரேடியலுக்கு டோ இன் பொதுவாகக் குறைவாகத்தான் வேண்டும்.

வேலை முடிந்து முதல் லோடு போய் வந்ததும் சக்கர நட், யூ போல்ட், டிராப் ஆர்ம் நட், எல்லா ஸ்பிளிட் பின்னையும் ஒருமுறை பாருங்கள். நிப்பிள் ஒவ்வொன்றிலும் பழைய கிரீஸ் வெளியே வழியும்வரை அடியுங்கள். எந்த நிப்பிளில் வழியவில்லையோ அங்கே வழி அடைத்திருக்கிறது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் அடுத்த லோடுக்குப் போகாதீர்கள்.